இடரை அழைத்தல்: ஓர் ஆங்கிலத் தொடர்க்குழுவும் தமிழ் மரபும்

முதுகலை வகுப்பின் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கென, விடுதலைப் போராட்டக் காலத்துச் செய்தி நடையில் அமைந்த ஆங்கிலத் தொடர் ஒன்றை மாணாக்கர்க்குக் கொடுத்திருந்தோம். தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறினர்; 'கோர்ட்டெட் அரெஸ்ட்' என்பது அத்தொடரின் முடிபு. ஒருவர், 'தொண்டர்கள் நீதிமன்றத்தில் கைது செய்யப்பட்டனர்' என்று எழுதினார். இன்னொருவர், 'கைதுக்கு ஆளாயினர்' என்றார். மூன்றாமவர் அகராதியை நன்கு புரட்டியவர் போலும். 'கைதினைக் காதலித்தனர்' என்று எழுதி, ஓரத்தில் ஒரு வினாக்குறியும் இட்டிருந்தார்.

முதல் விடை பிழை என்பது வெளிப்படை. மூன்றாம் விடையைக் கேட்டு வகுப்பே நகைத்தது. ஆயினும் இரண்டாவதே பெரும்பிழை என்பது எம் கருத்து. 'ஆளாயினர்' என்ற அளவில், தொண்டர்தம் விருப்பம் முற்றும் மறைந்துவிடுகின்றது. மழையில் அகப்பட்டவர் நனைந்தார் என்பது போல, நேர்ந்த ஒன்றாக அது நின்றுவிடுகின்றது. நடந்ததோ அன்று. அவர்கள் தாமே சென்று, சிறைக்கதவு திறக்கும் என்பதறிந்து, அதன்முன் நின்றனர். மூன்றாம் மாணாக்கர் சொல்லால் வழுவினாரெனினும் பொருளின் உயிரைத் தொட்டுவிட்டார். இச்சிறு நிகழ்ச்சியே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய்.

'கோர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை முதற்கண் நோக்குவோம். இலத்தீனில் வேலியோ சுவரோ சூழ அடைக்கப்பட்ட இடத்தைக் குறித்த சொல்லொன்று, பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது. அதன் முதற்பொருள் முற்றம். அரசனது மாளிகையின் முற்றம் அரசனது இருக்கையையும், ஆண்டுக் கூடும் அவையையும் குறிக்கலாயிற்று. அரசன் அவையிலிருந்து முறைசெய்தலின், நீதிமன்றம் என்னும் பொருளும் பிறந்தது. நம் 'மன்று', 'மன்றம்' என்னும் சொற்களும் ஊர்ப்பொதுவான வெளியிடத்தைக் குறித்துப் பின்னர் அவையைக் குறித்து, இந்நாளில் 'நீதிமன்றம்' என வழங்குகின்றன. இருமொழியும் ஒரே வழியில் நடந்தமை வியப்புக்குரியது. ஆனால் ஆங்கிலம் ஓரடி மேலும் சென்றது. பதினாறாம் நூற்றாண்டளவில் அப்பெயர்ச்சொல் அங்கே வினையாயிற்று. அரசவையில் பழகுவார் ஒருவர்தம் தயவை நாடி, இன்சொல் கூறி, குறிப்பறிந்து ஒழுகுவரன்றோ? அவ்வொழுக்கம் வினையின் முதற்பொருள். மணங்கருதி ஒரு பெண்ணை நாடி ஒழுகுதல் அதனினின்று கிளைத்தது. புகழை நாடுதல், மக்களின் ஆதரவை நாடுதல் என அது மேலும் விரிந்தது. கடைசியில், எவரும் விரும்பாதனவே அவ்வினைக்குச் செயப்படுபொருளாயின: இடர், தோல்வி, அழிவு, சாவு.

நம் மன்றம் வினையாகவில்லை. 'மன்றுதல்' என்றொரு வினை தமிழில் உண்டெனினும், அது தண்டம் விதித்தலைக் குறிப்பது. காதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி இத்தொடரின் பொருளமைதியை ஆராய்வோம். ஆபத்தை 'கோர்ட்' செய்கிறான் என்னுமிடத்து, அவன் உண்மையில் ஆபத்தை விரும்புகின்றானா? இல்லை. அவனது நடத்தையைப் புறத்தே நின்று காண்பான் ஒருவன், 'இவ்வாறு நடப்பவன் ஆபத்தை விரும்புபவனாகத்தான் இருத்தல் வேண்டும்' என்று கருதி, அக்கருத்தை அவன்மேல் ஏற்றிக் கூறுகின்றான். 'போலும்' என்னும் உருபு தொக்கு நிற்கின்றது. இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றுதலைத் தற்குறிப்பேற்றம் என்று அணிநூலார் கூறுவர். உலக வழக்கில் அதன் சாயலொன்றை இத்தொடரிற் காணலாம். புலவன் குறிப்பேற்றுவது கொடியின்மேலும் அலையின்மேலும். இங்கோ வாழும் மனிதன் ஒருவன்மேல். இவ்வேறுபாடு சிறிதன்று என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

இக்குழுவில் இன்னும் பல தொடர்கள் உள. 'ஆஸ்கிங் ஃபார் டிரபிள்' என்பது யாவற்றினும் எளியது. தொல்லையைக் கேட்டு வாங்குதல் என்பது சொற்பொருள். அரசவையின் மணம் இதில் இல்லை. வீட்டிலும் தெருவிலும் வழங்குவது இதுவே. இதன் வழக்கில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தியொன்று உண்டு. இது பெரும்பாலும் நிகழ்காலத்துத் தொடர்வினையாகவே வரும். முன்னிலையிலும் படர்க்கையிலும் மிகுதியும் வரும். தன்மையில் அருகியே வரும். முன்னிலையில் வரும்போது அது எச்சரிக்கை. படர்க்கையில் வரும்போது அது தீர்ப்பு. முன்னிலையில் மற்றொரு வகையும் உண்டு: தொல்லையின் பெயரைச் சொல்லாது 'அதைக் கேட்கிறாய்' என்று மட்டும் கூறுவது. அங்கே எச்சரிப்பவனே அடிப்பவன். வரப்போகும் தொல்லை வேறெங்கோ இல்லை. சொல்பவன் கையிலேயே இருக்கின்றது. நம் நாட்டுப்புறத்தார், 'முதுகு தினவெடுக்கிறதா?' என்று வினவுவது இதற்கு முற்றும் ஒக்கும். ஆண்டும் அடியை விரும்புவது எதிரியின் உடம்பே என்று பழி அங்கே மாற்றப்படுகின்றது.

'டெம்ப்ட்' என்னும் வினையைக் கொண்ட தொடர் வேறு தன்மையது. ஊழை அல்லது இறையருளைச் சோதித்தல் என்பது அதன் பொருள். தொட்டுப் பார்த்தல், சோதித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையே அதன் மூலம். தீய வழியில் ஈர்த்தல் என்னும் பொருளை மட்டும் அறிந்த இன்றைய மாணாக்கர், 'ஊழை மயக்குதல்' என்று பெயர்த்து இடர்ப்படுவர். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இறைவனைச் சோதித்தல் என்னும் பழம்பொருளில் அவ்வினை ஆளப்பட்டுள்ளது. தமிழ் விவிலியம் அவ்விடத்துப் 'பரீட்சை பார்த்தல்' எனப் பெயர்த்துள்ளமை பொருத்தமே. இத்தொடர்க்கு ஆங்கிலேயரிடையே மற்றோர் உலகியல் வழக்கும் உண்டு. செயல் ஒன்றும் வேண்டுவதில்லை, சொல்லே போதும். 'இன்று மழை வாராது' என்று ஒருவன் உறுதியாகக் கூறினால், அவன் ஊழைச் சோதிப்பதாகச் சொல்லி, மரப்பலகையைத் தொட்டுக்கொள்வர். நம் பாட்டிமார் 'வாயை வைக்காதே' என்று கடிந்துகொள்வது அக்கருத்தே.

மெல்லிய பனிக்கட்டிமேல் சறுக்கிச் செல்லுதல் என்னும் தொடரைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் குளிர்காலத்து நீர் உறைந்தவழிச் சறுக்கி விளையாடும் மக்களுக்கு அவ்வுவமை கண்கூடு; நமக்கோ ஏட்டறிவு. ஒன்று மட்டும் குறிக்கலாம். அமெரிக்க அறிஞர் எமர்சன் 1841இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அத்தகைய பனிமேற் செல்வார்க்கு விரைவே பாதுகாப்பு என்னும் கருத்துப்பட எழுதினார். இன்றைய வழக்கில் பழிப்பாக நிற்கும் உவமை, அவர்பால் அறிவுரையாக நின்றது. இதனைக் 'கத்திமேல் நடத்தல்' என்று பெயர்ப்பது தகும்.

நெருப்போடு விளையாடுதல் என்பதோ தமிழ் மேடைகளில் நம் சொந்தத் தொடர் போலவே வழங்கிவிட்டது. அதனை விலக்க வேண்டும் என்பது எம் கொள்கையன்று. ஆயினும் நம் பழைய வழக்காகிய 'கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிதல்' என்பதனோடு அதனை ஒப்புநோக்குக. ஆங்கிலத் தொடரில் குற்றம் விளையாட்டு. பொறுப்பின்மை அங்கே பழிக்கப்படுகின்றது. தமிழ்த் தொடரில் விளையாட்டில்லை; தலை அரிக்கின்றது; அரிப்பு உண்மையான துன்பம்; அதனைத் தீர்த்துக்கொள்ள எடுத்த கருவியே தவறு. ஒன்று மனப்போக்கைப் பழிக்கின்றது. மற்றொன்று அறியாமையைக் கண்டு இரங்குகின்றது. இரண்டும் ஒன்றெனக் கொண்டு ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பார், சிறியதன்று, ஒரு முழுக் கருத்தையே இழக்கின்றனர்.

இவ்விடத்தில் தமிழ் வழக்குகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வம்பை விலைக்கு வாங்குதல், தானே தேடிக்கொள்ளுதல், தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுதல், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளுதல், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளுதல், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ளுதல் - இவற்றுள் பெரும்பாலானவை 'கொள்' என்னும் துணைவினையால் முடிகின்றன. செயலின் பயன் செய்தவனையே சாரும் என்பதை உணர்த்துவது அத்துணைவினை. 'சமைத்தான்' என்பதற்கும் 'சமைத்துக்கொண்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. நன்மையைத் தனக்காக்கிக்கொள்ளும் அச்சொல்லே, இத்தொடர்களில் தீமையைத் தனக்காக்கிக்கொள்ளும் முரணைக் காட்டி நிற்கின்றது.

ஆங்கிலமோ பழியை விருப்ப வினையில் வைக்கின்றது: கேட்டல், அழைத்தல், நாடுதல். தமிழ் அதனைப் பெரிதும் பெறுதல் வினையில் வைக்கின்றது: வாங்குதல், தேடுதல், கொள்ளுதல். வம்பை விலைக்கு வாங்கியவன் வம்பை விரும்பினான் என்று தமிழன் சொல்வதில்லை. பேரம் தெரியாதவன் என்றே சொல்லுகின்றான். முன்னர்க் கூறிய முதுகுத் தினவு இதற்கு விலக்கு. அது பெரும்பாலும் அடிக்கப் போகின்றவன் வாயிற் பிறக்கும் சொல் என்பதை மறத்தலாகாது.

அழைத்தல் என்னும் உவமை பழந்தமிழில் இல்லையென்று இதனாற் கருதற்க. வலியார்க்கு மெலியார் தீங்கு செய்தலைப் பற்றித் திருவள்ளுவர் பெரியாரைப் பிழையாமை என்னும் அதிகாரத்தில் கூறுமிடத்து, கூற்றுவனைக் கையால் அழைத்தலை உவமையாக்கினார். தானே ஒருநாள் வருதற்குரிய கூற்றத்தை அந்நாட்கு முன்னரே வருவித்துக்கொள்ளுதல் என்னும் கருத்துப்படப் பரிமேலழகர் உரை விரிக்கின்றார். ஆங்கிலத் தொடர்க்கு இத்துணை நெருங்கிய உவமை வேறில்லை எனலாம். எனினும், ஆசிரியர் 'அழைத்தாற் போலும்' என உவமையை வெளிப்பட வைத்தமை கருதத்தக்கது. விருப்பம் உண்டென்று அவர் கூறவில்லை; விளைவு ஒக்கும் என்றே கூறினார். புறநானூற்று 73ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளி தன் வலியறியாது இகழும் பகைவனை, துயிலும் புலியை இடறிய குருடனுக்கு ஒப்பிடுகின்றான். ஆங்கிலப் புலவர் சாசர் காலந்தொட்டு ஆங்கிலத்தில் வழங்கிவரும் உவமையில், துயிலும் நாயை எழுப்ப வேண்டா என்பது அறிவுரை, எழுப்புவான் கண்ணுடையவன். நலங்கிள்ளியின் உவமையில் இடறியவன் காணாதவன். வஞ்சினம் கூறும் மன்னனும் தன் பகைவன் அழிவை விரும்பினான் என்று சொல்லவில்லை.

இவ்வளவு நுணுக்கம் எற்றுக்கு என்று வினவுவார் இருப்பர். சொல்லாராய்ச்சியளவில் நில்லாது, உடம்பும் உயிரும் நட்டஈடும் இவ்வேறுபாட்டால் நிலைமாறிய வரலாறு ஆங்கில நாட்டிலேயே உண்டு. விரும்பி ஏற்றவனுக்குத் தீங்கு இழைக்கப்பட்டதாகாது என்பது இலத்தீனில் அமைந்த பழைய சட்டமுதுமொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர் வழக்குகளில் முதலாளிமார் இதனைக் கேடயமாகப் பிடித்தனர். ஸ்மித் எதிர் பேக்கர் என்னும் வழக்கில், பாறையைத் துளையிடும் தொழிலாளியின் தலைக்குமேல் பாரந்தூக்கிப் பொறி கற்களைத் தூக்கிச் சென்றது. கல்லொன்று விழுந்து அவர் காயமுற்றார். கற்கள் தலைக்குமேற் செல்வது அவர்க்குத் தெரியும். தெரிந்தும் வேலையை விடவில்லை. எனவே ஆபத்தை அவரே ஏற்றுக்கொண்டார் என்பது எதிர்வாதம். 1891இல் பிரபுக்கள் அவை இதனை ஏற்க மறுத்தது. ஆபத்தை அறிதல் வேறு, அதற்கு இசைதல் வேறு என்று அவ்வவை பகுத்துரைத்தது. 'கேட்டு வாங்கினான்' என்னும் தொடர் ஒரே மூச்சில் விழுங்கிவிடும் இரு கருத்துகளை, அத்தீர்ப்புப் பிரித்து நிறுத்தியது என்க.

1939ஆம் ஆண்டு வழக்கொன்று இதனினும் சுவையுடையது. குடித்திருந்த ஒருவன் ஓட்டிய காரில், அவன் நிலையறிந்தும் ஒரு பெண் பயணஞ்செய்தாள். இடைவழியில் இறங்கியவர் ஒருவர் அவள் துணிவைக் குறிப்பிட்டபோது, நடப்பது நடந்தே தீரும் என்னும் பொருள்பட அவள் விடையிறுத்தாள். விபத்து நேர்ந்தது. அவள் இசைந்து ஏற்றாள் என்பதை நீதிபதி ஏற்கவில்லை. வெடியாத குண்டைக் கையாளுதல், வேலியில்லாத மலைவிளிம்பில் நடத்தல் போன்ற நிலைகளில் அவ்வாதம் பொருந்தலாம், இங்குப் பொருந்தாது என்றார். எல்லை வகுக்க முயன்ற நீதிபதிக்கும் உவமையே துணையாயிற்று!

ஆயினும் அப்பகுப்பு எங்கும் காக்கப்பட்டதில்லை. 1982இல் இப்ஸ்விச் நகர நீதிமன்றமொன்றில், இரவில் வழிச்செல்வார் வண்டியில் இடங்கேட்டு ஏறிய இளம்பெண்ணைக் கெடுத்தவனுக்குச் சிறை விதிக்காது, 2,000 பவுன் தண்டம் மட்டும் விதித்த நீதிபதி, அவள்பாலும் கவனக்குறைவு இருந்தது என்று கூறினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் அத்தொடரை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனினும் அதன் கருத்தே அவர் தீர்ப்பில் பேசிற்று. நம் நாட்டிலும், கற்பழிப்பு வழக்குகளில் பெண்ணின் பொதுவான ஒழுக்கக்கேட்டைச் சான்றாகக் காட்ட இடந்தந்த பிரிவு 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தில் இருந்து, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஒரு மனிதன்மேல் குறிப்பேற்றுதல் அணியளவில் நில்லாது என்று மேலே கூறியது இதனை நோக்கியே. 'அவளே தேடிக்கொண்டாள்' என்று தமிழில் கூறுவாரும் உளர். 'கொள்' விருப்பத்தைச் சுட்டாதெனினும் பழியைச் சுட்டும். ஆதலின் தமிழ் இதில் முற்றும் தூயதென்று நாம் பெருமை கொள்வதற்கில்லை.

இனி, விருப்பம் உண்மையாகவே உள்ள இடத்திற்கு வருவோம். 1922ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், 'யங் இந்தியா' இதழில் எழுதிய கட்டுரைகளுக்காக அகமதாபாத்தில் காந்தியடிகள்மீது அரசெதிர்ப்புக் குற்றம் சாட்டப்பட்டு வழக்கு நடந்தது. சௌரி சௌரா முதலிய இடங்களில் நிகழ்ந்த கொடுமைகளுக்கும் தம்மைப் பொறுப்பாளியாக்கிய அரசு வழக்கறிஞரை அடிகள் மறுக்கவில்லை. தாம் நெருப்போடு விளையாடுவதை அறிந்தே விளையாடியதாகவும், விடுவிக்கப்பட்டால் மீண்டும் அதனையே செய்யப் போவதாகவும், மிக உயர்ந்த தண்டனையை வரவேற்க வந்திருப்பதாகவும் மொழிந்தார். நீதிபதி புரூம்ஃபீல்டு ஆறாண்டுச் சிறை விதித்தார். தன்மையில் அருகியே வரும் என்று நாம் கூறிய தொடர்க்குழு இங்கே தன்மையில் வந்தது காண்க. பிறர் ஏற்றிச் சொல்லும் பழி, தன் வாயால் தானே சொல்லும்போது பழியாக நிற்பதில்லை. 'போலும்' என்னும் உருபு தொகவில்லை. அதற்கு அங்கே இடமே இல்லை.

1940ஆம் ஆண்டுத் தனிநபர் சத்தியாகிரகத்தில், போரெதிர்ப்புப் பேச்சு நிகழும் இடத்தையும் நேரத்தையும் தொண்டர் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்தனர். இடரை அழைத்தல் என்பதற்கு, அஞ்சலில் விடுத்த அழைப்பினும் தெளிவான பொருள் வேண்டுமோ? ஆங்கிலேயர் பழிப்புக்கென்று ஆண்ட வினையை, இந்திய ஆங்கிலச் செய்தித்தாள்கள் கைதோடு சேர்த்து, பழிப்பு நீக்கி, சொல்லுக்குச் சொல் உண்மையான பொருளில் வழங்கின. இன்றும் மறியல் செய்திகளில் அவ்வழக்கு நிலைத்துள்ளது.

மொழிபெயர்ப்பார் மயங்குதற்குரிய தொடரொன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் நலம். தொல்லையைக் கடன் வாங்குதல் என்றொரு தொடர் ஆங்கிலத்தில், சிறப்பாக அமெரிக்கர் வழக்கில், உண்டு. நம் 'விலைக்கு வாங்குதல்' என்பதனோடு அது ஒலியளவில் உறவாடினும், பொருள் வேறு. வாராத துன்பத்திற்கு முன்னரே கவலைப்படுதலையே அது குறிக்கும்.

வகுப்பிற்குத் திரும்புவோம். 'தொண்டர்கள் தாமே வலியச் சென்று கைதாயினர்' என்று நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். 'வலிய' என்பது விருப்பத்தை உணர்த்தும்; 'கைதாயினர்' என்னும் தன்வினை, பிறரால் செய்யப்பட்டமையைப் பின்தள்ளும். மூன்றாம் மாணாக்கர் எழுந்து, 'சிறையை வேட்டனர்' என்றெழுதினால் என்ன என்று வினவினார். வேட்டல் என்பது விரும்புதலுமாம், மணத்தலுமாம், வேள்வி செய்தலுமாம். ஆங்கில வினையின் இரு பொருளும் அதில் அடங்கி, அதற்கில்லாத மூன்றாவதும் உடனிருக்கின்றது. நாளிதழ் நடைக்கு அது பொருந்தாது என்றோம். ஆயினும் அவர் விடைத்தாளின் ஓரத்திலிருந்த வினாக்குறியை அடித்துவிட்டு, முழு மதிப்பெண் இட்டோம்.